பின் கண்ணாடி முகங்கள்

மலேசியாவில் எங்கள் பெடாஸ் பக்கம் ரோட்டில் போனால், முன்னால் போகிற வண்டியின் பின் கண்ணாடியில் இருந்து செத்துப்போன யாராவது ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டே வருவார். வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். எங்களுக்குப் பழகிவிட்டது. அப்பா இறந்தால் காரின் பின்னால் அப்பாவின் முகம், அதற்குக் கீழே பிறந்த தேதி, இறந்த தேதி. செனாவாங் தொழிற்சாலைக்கு ஷிஃப்டுக்குப் போகிற பையன் மோட்டார் சைக்கிளில் போய் விழுந்து செத்தால், கூட்டாளிகள் அத்தனை பேரின் மோட்டாரிலும் அவன் முகம். உயிரோடு இருந்த அப்பாவை முன் சீட்டில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாத பிள்ளைகள்கூட, செத்த பிறகு பின் கண்ணாடியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவார்கள்.

குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த முகங்களை வெட்டித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. என் வீட்டுக்காரர் ஸ்டிக்கர் கடை வைத்திருந்தார். தோட்டத்துச் செம்மண் ரோடு பெரிய ரோட்டில் வந்து ஏறும் இடத்தில் எங்கள் கடை. ஒரு பக்கம் டயர் கடை, இன்னொரு பக்கம் ரொட்டி சானாய் கடை. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளின் கதவில் முதலாளி பெயரும் வண்டியின் எடையும் எழுதியிருக்க வேண்டும். அந்த எழுத்து வெயிலில் உரிய உரிய எங்களுக்குச் சோறு. திருவிழாக் காலத்தில் வேலும் மயிலும் ஓமும். இடையிடையே செத்தவர்களின் முகம்.

முகம் வெட்டுவது லேசான வேலையில்லை. வெள்ளை ஸ்டிக்கர் ஒன்றுதான், வேறு நிறம் கிடையாது. முகத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் வெள்ளை இருக்கும். நிழல் விழும் இடத்தை வெட்டி எடுத்துவிட்டால் கண்ணாடியின் கறுப்பு தெரியும். போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டு, அதன் மேல் கோடு கோடாக இழுத்து, எது வெளிச்சம், எது நிழல் என்று ஒவ்வோர் இடமாக முடிவு செய்ய வேண்டும். மூக்கில் ஒரு கோடு கூடிவிட்டால் அது பக்கத்து வீட்டுக்காரர். இழுத்து முடித்ததும் வெட்டும் மெஷினுக்கு அனுப்புவார். அது கறகறவென்று கத்தியை ஓட்டி வெட்டும். வேண்டாத துண்டுகளை ஊசியால் கிளறி எடுப்பது என் வேலை. என் மாமியார் தோட்டத்தில் புல் வெட்டியவர். அதனால் என் வேலைக்கும் என் வீட்டுக்காரர் புல் வெட்டுறது என்றுதான் பெயர் வைத்திருந்தார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. முகம் முழுவதும் ஒட்டி முடித்தாலும், கண்ணுக்குள் இருக்கிற அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளியை மட்டும் வைக்க மாட்டார். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் கண் வெறும் கறுப்புக் குழி. செத்தவரின் சொந்தக்காரர் வந்து வண்டியின் பின்னால் நிற்க வேண்டும். அதன் பிறகுதான் ஊசி முனையில் புள்ளியை எடுத்து ஒரு கண்ணிலும் மறு கண்ணிலும் வைப்பார். கோயிலில் சாமிக்குக் கண் திறப்பதைப் போல. அந்த நேரத்தில்தான் வந்தவர்கள் அழுவார்கள். அதுவரைக்கும் விலை பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட அழுவார்கள்.

"கண்ண தெறக்குறது சொந்தக்காரவங்க முன்னாடிதான். அவங்க இல்லாம தெறந்தா அது சும்மா ஸ்டிக்கர்" என்பார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. இந்த ஒன்றை மட்டும் யார் கேட்டாலும் சொல்வார்.

கடையில் இருந்த கம்ப்யூட்டர் வெகு பழையது. அதில் இருந்த சிஸ்டமும் பழையது. திறந்தால் பச்சைப் புல்மேடும் நீல வானமுமாக ஒரு படம் வருமே, அந்தக் காலத்துச் சரக்கு. செம்பனை இல்லாத அப்படியொரு வெறும் மேட்டை நான் இந்தப் பக்கத்தில் பார்த்ததே இல்லை. வெட்டும் மெஷினும் அதே வயசு. இரண்டையும் ஒரு தடித்த வயர் இணைத்தது. இரண்டும் ஒன்றையொன்று விட்டால் வேறு யாரிடமும் பேசாது, வயசான புருஷன் பெண்டாட்டி மாதிரி. இன்டர்நெட் கிடையாது. அதனால் கெட்டுப்போகவும் இல்லை.

மெஷின் கெடவில்லை, அவர்தான் போய்விட்டார். காலையில் கடையைத் திறந்து, மார் வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தோட்டத்து இடுகாட்டிலேயே, அவருடைய அப்பா அம்மா பக்கத்தில் புதைத்தோம்.

அவருக்கு ஒரு தம்பி உண்டு, என் கொழுந்தன். செனாவாங்கில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுப் பெரிய கலர் மெஷின் வாங்கி பேனர் கடை போட்டிருந்தான். கருமாதிக்கு அண்ணனுடைய படத்தை ஆளுயர பேனராக அடித்து, காசு வாங்காமல் கொண்டுவந்து கட்டினான். பேனரின் மூலையில் கடைப் பெயரும் போன் நம்பரும் இருந்தன. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகும்போது நின்று படித்தார்கள். அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. துக்கத்தில் அதை நினைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கடையை நானே நடத்தினேன். லாரி எழுத்து பழகிய வேலை. முகம் இழுக்கத்தான் பயம். முதலில் செத்தவர்களை விட்டுவிட்டு, உயிரோடு இருக்கிற என் முகத்தை இழுத்துப் பார்த்தேன். சகிக்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கை வந்தது. கை வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ஊரில் உள்ள எல்லாருடைய அப்பனையும் வெட்டிக் கொடுத்த மனுஷனுக்கு ஒரு முகம் இல்லை. எங்கள் வேனின் பின் கண்ணாடி வெறுமையாக இருந்தது.

வருஷத் திதிக்குள் அவர் முகத்தை ஒட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மத்தியானத்தில் லாரிக்காரர்கள் வராத நேரமாகப் பார்த்து உட்காருவேன். அவர் அடையாளக் கார்டுக்கு எடுத்த போட்டோ ஒன்று. கல்யாண வீட்டில் யாரோ எடுத்தது ஒன்று. இரண்டையும் பார்த்து, நடுவில் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து இழுத்தேன். மீசையின் வலது நுனி கொஞ்சம் நீண்டுவிட்டது. திருத்தப் போனேன். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சண்டை போட்டால் அவர் முறுக்குவது அந்த நுனியைத்தான். முகம் முழுக்க முடித்தேன். கண்ணில் புள்ளியை வைக்கவில்லை. திதி அன்றைக்கு, வேனுக்குப் பின்னால் நின்று, என் கையால் ஊசியில் எடுத்து வைக்கலாம் என்று விட்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கொழுந்தன் வந்தான்.

"அண்ணி, இந்தக் காலத்துல யார் லா இந்தப் பழைய கம்ப்யூட்டர வெச்சிருக்கா? ஒரு நாளு பட்டுனு போயிரும். அண்ணன் செஞ்சது அத்தனையும் போயிரும்" என்றான்.

"இத்தன நாளு ஓடுதே தம்பி."

"ஓடும். நின்னா என்ன பண்ணுவீங்க? புது சிஸ்டம் போட்டுத் தரேன். புது சாப்ட்வேர் தரேன். காசெல்லாம் வேணாம். அண்ணன் கடைக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்."

அண்ணன் கடை என்று சொன்னதும் நான் இளகிவிட்டேன். அவன் உட்கார்ந்து புது சிஸ்டத்தை ஏற்றினான். பழைய கம்ப்யூட்டர் அதைத் தாங்க முடியாமல் மூச்சு வாங்கியது. புல்மேடு போய், என்னவோ பூ விரிந்த மாதிரி ஒரு படம் வந்தது. அவர் வெட்டிய முகங்கள் எல்லாம் வேறு பகுதியில் பத்திரமாக இருக்கின்றன என்று காட்டினான். நான் ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன், எல்லாம் இருந்தன.

"எதத் தெறக்கலாம் அண்ணி?" என்று கேட்டுக்கொண்டே, என் பதிலுக்குக் காத்திராமல் அவர் முகத்தைத் திறந்தான். புது சாப்ட்வேரில் கோடுகள் இன்னும் வழவழப்பாகத் தெரிந்தன. "இந்தா பாருங்க, அண்ணன் எப்படி இருக்காரு. நீங்களா இழுத்தீங்க? நம்பவே முடியல" என்றான். உண்மையாகவே அவன் கண் கலங்கியது. அதை நான் மறுக்க மாட்டேன். கலங்கின கண்ணோடு சேமித்தான். திரையில் ஒரு கேள்வி வந்தது. படிக்காமலே ஆமாம் என்று அமுக்கினான்.

மறுநாள் காலை முதல் லாரி வந்து நின்றது. எழுத்தை அடித்து மெஷினுக்கு அனுப்பினேன். மெஷின் அசையவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினேன். அணைத்துப் போட்டேன். புது சிஸ்டத்துக்கு அந்த மெஷின் அங்கே இருப்பதே தெரியவில்லை.

"என்னாக்கா, மெஷின் ரோசாக்கா, கெட்டுப்போச்சா?" என்று லாரிக்காரர் வாசலில் நின்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னொரு லாரி வந்து நின்றது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நாந்தான் ரோசாக்" என்றேன். அவர் சிரித்தார்.

கொழுந்தனைக் கூப்பிட்டேன். அவன் அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. "அந்த மெஷினுக்குப் புது சிஸ்டத்துல வழி இல்ல அண்ணி. கம்பெனியே அதக் கைவிட்டுட்டான். பரவால்ல லா, நீங்க அடிச்சு எனக்கு அனுப்புங்க. இங்க வெட்டித் தரேன், வந்து எடுத்துக்குங்க" என்றான்.

சில வாரங்கள் அப்படித்தான் ஓடின. நான் அடிப்பேன், அவன் வெட்டுவான். நான் வேனை எடுத்துக்கொண்டு செனாவாங் போய் வாங்கி வந்து ஒட்டுவேன். லாரிக்காரர்கள் எத்தனை தடவை காத்திருப்பார்கள்? சிலர் நேரே அவனிடமே போனார்கள். ஒரு நாள் அவன், "அண்ணி, பேசாம உங்க போர்டுல என் கடைப் பேரையும் போட்டுருவோமா? கிளை மாதிரி" என்று கேட்டான். பேனர் மூலையில் இருந்த போன் நம்பர் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆடு நனைகிறதென்று ஓநாய் எதற்கு அழுதது என்று அப்போதுதான் புரிந்தது.

"பழைய சிஸ்டமே போட்டுக் குடுத்துரு தம்பி" என்றேன்.

"யாராச்சும் பின்னாடி போவாங்களா அண்ணி? ஊரே முன்னாடி போகுது."

"முன்னாடி போறவங்க போகட்டும். எனக்கு என் கடை இருந்தா போதும்."

அவன் வரவில்லை. இன்றைக்கு வேலை, நாளைக்கு வேலை என்றான். நான் கம்ப்யூட்டரைத் தூக்கி வேனில் வைத்துக்கொண்டு, டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் ஒரு சீனரிடம் போனேன். பழைய சிஸ்டம் வேண்டும் என்றதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எல்லாரும் புதுசு கேட்டு வருவார்கள், பழசு கேட்டு வந்தது நான் ஒருத்தி என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். ஆனால் நல்ல மனுஷன். பழைய சிடி ஒன்றைத் தேடி எடுத்தார். மெஷினோடு வந்த சிடி, பழைய சாப்ட்வேர் சிடி இரண்டும் என் வீட்டுக்காரரின் மேசை இழுப்பறையில் இருந்தன. எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக் கொடுத்தார்.

கடைக்கு வந்து வயரைச் செருகினேன். புல்மேடு வந்தது. லாரி எழுத்தை அடித்து அனுப்பினேன். மெஷின் கறகறவென்று ஓடியது. அந்தச் சத்தத்துக்கு நான் அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "வந்துருச்சா?" என்றார். "வந்துருச்சு" என்றேன்.

அவர் வெட்டிய முகங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் திறந்தன. பாகற்காய் விற்ற பாட்டையா, பள்ளிக்கூட வேன் ஓட்டியவர், மோட்டாரில் விழுந்த பையன், கெமாஸில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். எல்லாரும் கண் இல்லாமல் என்னைப் பார்த்தார்கள். கடைசியாக அவர் முகத்தைத் திறந்தேன்.

திறக்கவில்லை. இது புது சாப்ட்வேரில் சேமித்தது, எனக்குத் தெரியாது என்கிற மாதிரி ஒரு சின்னப் பெட்டி வந்தது. மறுபடியும் திறந்தேன். மறுபடியும் அதே பெட்டி. அத்தனை முகங்களில் புது சாப்ட்வேர் தொட்டது அந்த ஒன்றைத்தான். கலங்கின கண்ணோடு அவன் ஆமாம் என்று அமுக்கினது அந்த ஒன்றைத்தான். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று சும்மாவா சொன்னார்கள்.

பென்டிரைவில் போட்டுக்கொண்டு செனாவாங்குக்குப் போனேன். கெஞ்சக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போய், கெஞ்சினேன். "தம்பி, இதப் பழசுல தெறக்குற மாதிரி பண்ணிக் குடு. வேற ஒன்னும் வேணாம்."

"இது பழசுக்கு எறங்காது அண்ணி" என்றான். பென்டிரைவைக் கையில் வாங்கிக்கொண்டுதான் சொன்னான். "சரி, வெச்சிட்டுப் போங்க, பாக்குறேன்."

திரும்பும் வழியில் சீனரிடம் கேட்டேன். இறங்கும், சேமிக்கும்போது பழைய சாப்ட்வேருக்கு என்று தேர்ந்தெடுத்தால் போதும் என்றார். அவரிடம் அந்தப் புது சாப்ட்வேர் இல்லை. நான் கொழுந்தனுக்கு அதைப் போனில் சொன்னேன். "அப்படியா? பாக்குறேன் அண்ணி. திதிக்குள்ள கண்டிப்பா பண்ணித் தரேன்" என்றான். தெரியாமல் முடியாது என்றானா, தெரிந்தே சொன்னானா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. வேறு ஸ்டிக்கர் கடைக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்பார்கள். வீட்டு ஆள் இருக்கும்போது வெளி ஆளிடம் போனால், குடும்பத்தில் என்ன தகராறு என்று தோட்டமே பேசும். தம்பிதானே, அண்ணன் முகம்தானே, அதில்கூடவா விளையாடுவான் என்று நினைத்தேன்.

சும்மா இருக்க முடியாமல் மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். போட்டோ இருக்கிறது, கை இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் முதல் தடவை எது நிழல், எது வெளிச்சம் என்று யோசித்த நேரமெல்லாம் அவர் பக்கத்தில் இருந்த மாதிரி இருந்தது. இந்தத் தடவை கோபம்தான் பக்கத்தில் இருந்தது. கோடுகள் கோணின. தாடை இறுகியது. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். அச்சு அசல் கொழுந்தன். பிள்ளையார் பிடிக்கப் போய் அவன்தான் வந்து உட்கார்ந்திருந்தான். அழித்துவிட்டேன்.

திதி வந்தது. இடுகாட்டுக்குப் போகிற வழி செம்பனை மரங்களுக்கு நடுவே போகும். முந்தின நாள் மழை பெய்து காய்ந்திருந்தது. நான் போய்ச் சேரும்போது கொழுந்தன் எனக்கு முன்னாலேயே வந்திருந்தான். புது ஃபோர்வீல் வண்டி. மூக்கை என் பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தான். இறங்கி வந்து, "அண்ணி, கொண்டாந்துட்டேன், போகும்போது பாருங்க" என்றான். எனக்கு மனசு குளிர்ந்தது. பரவாயில்லை, சொன்னபடி செய்திருக்கிறான், பென்டிரைவைத் தரப்போகிறான் என்று நினைத்தேன். அவனைப் பற்றி நினைத்ததற்கெல்லாம் உள்ளுக்குள் வெட்கப்பட்டேன். படையல் வைத்தோம். அவருக்குப் பிடித்த நெத்திலி வறுவல், சாமி கும்பிடுகிறவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை என்று வைத்தேன். ஊதுபத்தி முடியும்வரை நின்றோம்.

எல்லாரும் கிளம்பினார்கள். அவன் வண்டியைத் திருப்பி முன்னால் போனான். நான் வேனில் பின்னால் போனேன்.

அப்போதுதான் பார்த்தேன். பின் கண்ணாடி முழுக்க அவர் முகம். நான் இழுத்த முகம். மீசையின் வலது நுனி நீண்டிருந்தது, அதனால் சந்தேகத்துக்கே இடமில்லை. கீழே, அண்ணனின் ஆசியுடன் என்று எழுதி, அதற்குக் கீழே அவன் கடைப் பெயரும் போன் நம்பரும்.

கண்ணில் வெள்ளைப் புள்ளி இருந்தது.

யார் முன்னால் நின்று அவன் கண்ணைத் திறந்தான் என்று எனக்குத் தெரியாது. கடைப் பையன்கள் யாராவது கையில் தேநீரோடு நின்றிருப்பார்கள். இல்லாவிட்டால் யாருமே இல்லாமல், கம்ப்யூட்டரிலேயே இரண்டு வட்டம் போட்டு மெஷினை ஓட்டியிருப்பான். நான் திதிக்காக மூடி வைத்திருந்த கண். செம்மண் ரோடு முழுக்க, குழிக்குக் குழி வண்டி ஆட ஆட, அவர் என்னைப் பார்த்துக்கொண்டே போனார். பெரிய ரோடு வந்ததும் லாரிக்காக அவன் நின்றான், நானும் நின்றேன். அவன் சன்னல் வழியாகக் கையை நீட்டிக் கட்டை விரலைக் காட்டினான். நல்லாயிருக்கா என்று கேட்கிறான். சிக்னல் போட்டு செனாவாங் பக்கம் திரும்பினான். நான் கடைப் பக்கம் திரும்பினேன்.

மறுநாள் பென்டிரைவ் வந்து சேர்ந்தது. பழைய சாப்ட்வேரில் திறக்கிற மாதிரியே போட்டிருந்தான். திறந்தது. புள்ளிகளை அழித்துவிட்டு நானே வெட்டி ஒட்டியிருக்கலாம். கை போகவில்லை. ஒரு தடவை கண் திறந்த சாமிக்கு மறுபடியும் கண் திறக்கிறேன் என்று யாராவது உளியைத் தூக்குவார்களா?

பழைய சிஸ்டம் இன்றைக்கும் ஓடுகிறது. மெஷின் கறகறக்கிறது. லாரிக்காரர்கள் திரும்ப வந்துவிட்டார்கள், போர்டில் என் வீட்டுக்காரர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. முகம் வெட்டவும் வருகிறார்கள். சொந்தக்காரர் வந்து நிற்காமல் நான் கண் திறப்பதில்லை. வந்தவர்கள் அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துவிட்டு, வாசலில் நிற்கும் என் வேனின் வெறும் கண்ணாடியைப் பார்ப்பார்கள்.

"எல்லாருக்கும் ஒட்டுறீங்க, உங்க வண்டியில அண்ணனக் காணோமே அக்கா?"

"அவரு செனாவாங்ல இருக்காரு" என்பேன். "போன் நம்பரும் போட்டிருக்கு, போய்ப் பாத்துக்குங்க."